அசனப் பந்தியும் அதன் வரலாறும்

விருந்தோம்பலைத் தமிழர் இல்லறத்தின் தலையாய கடனாகப் போற்றினர். வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். பசிப்பிணி தீர்த்த அமுதசுரபியைச் சாத்தனார் காப்பியப் பொருளாக்கினார். திருக்கோயில்களின் அன்னதானமும் தர்காக்களின் கந்தூரியும் இம்மரபின் கிளைகளே. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதாயினும், நெல்லைச் சீமைக்கு வெளியே பலரும் அறியாத விழா ஒன்று உண்டு. அங்குள்ள கிறித்தவ ஆலயங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் அசனப் பண்டிகையே அது.

'அசனம்' என்பது உணவைக் குறிக்கும் வடசொல். நூல் வழக்கிலும் அருகிவிட்ட அச்சொல்லைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சிற்றூர் மக்கள் இன்றும் நாவிலே காத்து வருகின்றனர். ஆலய ஆராதனை முடிந்தபின் சபையார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் பெருவிருந்தே அசனம். அதன் மகிழ்ச்சியைக் கண்டோர் பலர். அம்மகிழ்ச்சிக்குப் பின்னே நெடிய வழக்கொன்று இருந்தது என்பதை எண்ணியோர் சிலரே. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ட விழா

யான் கிறித்தவ சமயத்தைச் சார்ந்தவன் அல்லன். எனினும் என் தந்தையார் தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், பத்து வயதுச் சிறுவனாக அவ்வூர் அசனத்தைக் கண்டேன், உண்டேன்.

விழா முதல்நாளே தொடங்கிவிடும். ஆலயத்தின் பின்புறம் பனையோலையால் ஆக்குபுரை எழும்பும். பெண்கள் வட்டமாக அமர்ந்து கத்தரிக்காயும் வெங்காயமும் நறுக்குவர். நறுக்கும் கைகள் ஓயாதிருக்க, வாய்கள் கீர்த்தனை பாடும். ஆண்கள் வார்ப்புகளைக் கழுவிக் கவிழ்ப்பர், விறகு பிளப்பர். சிறுவர்களாகிய எங்களுக்குக் குருத்தோலைத் தோரணம் பின்னுவதே வேலை. இரவு முழுதும் அடுப்பு எரியும். அந்தப் புகையிலே மசாலையின் மணம் கலந்து ஊரெங்கும் பரவும்போது, உறங்கச் சென்றவர்களும் எழுந்து வந்து அடுப்பருகே நின்றுகொள்வர்.

மறுநாட் காலை ஆலயமணி ஒலிக்கும். வெண்ணிற ஆடையுடுத்து மக்கள் வந்து குழுமுவர். ஆராதனையிலே ஆர்மோனியமும் தபேலாவும் கைத்தாளமும் முழங்கும். பின்னர் அவரவர் தம் உழைப்பின் முதற்பலனைக் கொண்டுவந்து படைப்பர். வாழைத்தார், பூசணி, முருங்கைக்காய், கருப்பட்டிச் சிப்பம், கால்கட்டிய சேவல், ஆட்டுக்குட்டி என ஆலய முன்றில் ஒரு சந்தையாகவே மாறும். அவையெல்லாம் ஏலம் விடப்படும். ஓர் எலுமிச்சம்பழத்தைச் சந்தை விலையைப்போல் நூறு மடங்கு கொடுத்து ஒருவர் எடுப்பார். எடுத்ததை மீண்டும் ஆலயத்துக்கே கொடுத்து மறுபடியும் ஏலம் விடச்செய்வார். கூட்டம் ஆரவாரம் செய்யும். அங்கே விலை என்பது பொருளுக்கு அன்று, மனத்துக்கு.

பணமில்லாதவர் கொடுக்கவும் ஒரு வழி இருந்தது. நாள்தோறும் உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடியைத் தனியே ஒரு கலயத்தில் இட்டுவைப்பது அவ்வூர்ப் பெண்களின் வழக்கம். அந்தப் பிடியரிசி ஆலயத்துக்குரியது. வடகிழக்கே மிசோரம் மாநிலத்துக் கிறித்தவரிடையிலும் இதே வழக்கம் 'புஃபாய் தாம்' என்னும் பெயரால் 1910ஆம் ஆண்டு முதல் நிலவுகின்றது. மொழியும் மலையும் வேறாயினும், தன் உலையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பொதுவுக்கு வைக்கும் தாயுள்ளம் ஒன்றே.

நண்பகலில் பந்தி. முன்றிலில் நீளநீளமாக ஓலைப்பாய் விரித்து வாழையிலை போட்டனர். போதகரை அப்பக்கத்தில் 'ஐயர்' என்றே அழைப்பர். அவர் நின்று ஜெபித்தார். பின்னர் அவரும் எங்களோடு தரையில் அமர்ந்தார். சோறும் ஆட்டுக்கறியும் வந்தன. எங்கள் வீட்டில் புலால் இல்லை; ஆகையால் நண்பன் எனக்குச் சாம்பார் கேட்டு வாங்கினான். என் ஒருபுறம் என் நண்பன். மறுபுறம் எங்கள் தெருவிற்குள் செருப்பணிந்து வாராத முதியவர் ஒருவர்.

மாலையில் வீடு திரும்பினேன். என் பாட்டி, "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கவில்லை. "ஏலே, யாரு பக்கத்துல இருந்து சாப்பிட்டே?" என்றுதான் கேட்டார். யான் விடை கூறாமல் கொல்லைப்புறம் சென்றுவிட்டேன். பின்னாளில் நூல்களைப் படிக்கத் தொடங்கியபோது, அந்த ஒரு கேள்வியே தென்னாட்டுத் திருச்சபையின் வரலாற்றில் இருநூறு ஆண்டுகள் கேட்கப்பட்டு வந்தது என அறிந்து வியந்தேன்.

நாற்பது பெயர்கள்

நெல்லையில் சீர்திருத்தத் திருச்சபை தோன்றிய வரலாறு ஒரு பெண்மணியிடம் தொடங்குகின்றது. தஞ்சையைச் சார்ந்த அந்தணர் குலக் கைம்பெண் அவர். பாளையங்கோட்டையில் வாழ்ந்த அவருக்கு, 1778ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் ஐயர் கிளாரிந்தா என்னும் பெயரிட்டுத் திருமுழுக்கு அளித்தார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன, முதற்பெயர் கிளாரிந்தாவினுடையது. அவர் முயன்று கட்டிய ஆலயம் 1785இல் நேர்ந்தளிக்கப்பட்டது. மக்கள் இன்றும் அதனைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்கின்றனர். ஊரார் பயன்பெற அவர் வெட்டுவித்த கிணறும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அ. மாதவையா 1915ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய புதினத்துக்கு இவ்வம்மையாரே தலைவி.

அந்த நாற்பதின்மர் ஒரே குலத்தினர் அல்லர், பல சாதியினர். ஆகவே சபை பிறந்த அன்றே, யார் அருகில் யார் என்னும் கேள்வியும் உடன்பிறந்தது. இஃது இந்நாட்டுக்கே உரியது எனவும் கருதவேண்டா. கொரிந்து நகரத்தார்க்குப் பவுல் அடிகள் வரைந்த முதல் திருமுகத்தைப் படிப்போர், பொதுவிருந்தில் உடையோர் முந்தி உண்ண, இல்லாதோர் பசித்திருந்த நிலையை அவர் கடிந்துரைப்பதைக் காண்பர். பந்தி தோன்றிய காலமுதல் பந்தி வஞ்சனையும் இருந்தே வந்துள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சபை விரைந்து வளர்ந்தது. 1799இல் தாவீது சுந்தரானந்தம் முதலூரை உருவாக்கினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர் பள்ளிகளையும் புதிய ஊர்களையும் நிறுவினார். மெய்ஞ்ஞானபுரத்தில் 192 அடி உயரக் கோபுரத்தோடு ஆலயம் எழுந்தது. இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் தொடங்கிய ஆலயம் 33 ஆண்டுகள் கட்டப்பெற்று 1880இல் நிறைவெய்தியது. ஆலயங்கள் உயர்ந்தன; ஆயினும் பந்தி நீளவில்லை. இரேனியஸ் தம் மாணவர் யாவரும் ஒருங்கே உண்ணல் வேண்டும் என்று வற்புறுத்தியபோது, பள்ளியிலேயே பூசல் எழுந்தது.

மலர் ஒருபுறம், பந்தி ஒருபுறம்

இவ்விடத்தில் நாம் தஞ்சைக்குச் செல்லவேண்டும். இவ்வழக்கு அங்கேதான் முற்றியது. அதன் நடுவில் நின்றவரோ நெல்லையில் பிறந்தவர். அவரே வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சிறுவயதில் சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பெற்றுக் கல்வி கற்ற இவர், சரபோஜி மன்னரின் மதிப்பைப் பெற்ற புலவர். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். நாட்டார் மெட்டுகளையும் கருநாடக இராகங்களையும் கிறித்தவ வழிபாட்டுக்குள் கொணர்ந்த முன்னோடி. இன்று உலகெங்கும் தமிழ்க் கிறித்தவர் பாடும் கீர்த்தனைகளுள் பல இவர் இயற்றியவை.

1820களின் பிற்பகுதியில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனரிமார் சிலர், பழைய வழக்கங்களை மாற்ற முற்பட்டனர். சாஸ்திரியார் அவர்களோடு முரண்பட்டார். தமக்கும் தம் சுற்றத்தார்க்கும் இழைக்கப்பட்ட கொடுமைகள் என நான்கினை அவர் எடுத்து எழுதினார். பழகிய வேதமொழிபெயர்ப்பை நீக்கிப் புதியதனைப் புகுத்துதல் ஒன்று. திருவிருந்தில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்குதல் இரண்டு. பண்டிகையிலும் திருமணத்திலும் மலர்களை விலக்குதல் மூன்று. ஆலயத்தில் தமிழிசையைத் தடுத்தல் நான்கு.

இந்நான்கினையும் ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு மனம் தடுமாறும். மலரும் இசையும் வேண்டும் என்று போராடிய அந்தக் கவிஞரை எவர்தாம் போற்றாதிருப்பர்? அவர் வென்றிராவிடின் தமிழ்க் கிறித்தவம் தமிழாக நிலைத்திருக்குமோ என்பது ஐயமே. ஆயினும் அதே கை, அதே மையால், ஒரே வரிசையில் அமர்தல் கொடுமை என்றும் எழுதிற்று. மறுபுறம், ஒரே வரிசை வேண்டும் என்ற மிஷனரிமாரை நாம் போற்றுவோம். ஆனால் அவர்களோ மலரையும் இசையையும் வெளியே தள்ளினர். ஒருசாராரிடம் நம்முடைய மகிழ்ச்சி இருந்தது, நீதி இல்லை. மற்றொரு சாராரிடம் நீதி இருந்தது, மகிழ்ச்சி இல்லை. பெரியோரைப் போற்றும் நாம் அவர்தம் குறையையும் உடன்கூறுதல் நேர்மையாகும். அவர் பாடல்களுக்கு அதனால் இழுக்கொன்றும் இல்லை.

1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், தன் ஊழியர் யாவரும் சேர்ந்து உண்ணவேண்டும் என விதித்தது. மறுத்த பலர் வேலையை இழந்தனர். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் இதனையே வலியுறுத்தியது. அன்பின் விருந்து ஒரு தேர்வு மண்டபமாயிற்று. உண்ணுகின்றாரா, உண்ணவில்லையா எனக் கண்காணிக்க ஒருவர் நிற்கும் பந்தியிலே, உண்டவர்க்கும் சுவை இருந்திராது.

அரசு அலுவலகத்தில் கால்நூற்றாண்டாகச் சுற்றறிக்கைகளை எழுதியும் பதிந்தும் வருபவன் யான். சுற்றறிக்கை வேண்டாததன்று, அஃது இல்லையேல் தொடக்கமே இராது. ஆனால் அருகில் அமர்வோரை விரும்புமாறு செய்ய எந்தச் சுற்றறிக்கையாலும் இயலாது.

சுவர் எழுந்ததும் வீழ்ந்ததும்

உரோமன் கத்தோலிக்க சபையிலும் இக்கேள்வி எழாமல் இல்லை. நெல்லையின் தென்பகுதியிலுள்ள வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ஆலயத்தின் வடிவமே இதற்குச் சான்று. பீடம் ஒன்று, அதிலிருந்து இரு கால்களைப்போல் பிரிந்து செல்லும் கூடங்கள் இரண்டு. ஒரு சாராரை மற்றொரு சாரார் காணாது வழிபட வேண்டி இவ்வாறு அமைத்தனர். 'கால்சட்டைக் கோயில்' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். 1910இல் உள்ளிருந்த தடுப்பு அகற்றப்பட்டது. அகற்றியது தவறு எனச் சிலர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சுவரை மீண்டும் எழுப்ப உரிமை கேட்டோர் தோற்றனர்.

எழுப்பியோரும் இடித்தோரும் ஒரே கடவுளை, ஒரே பீடத்தின்முன் வணங்கியவர்களே என்பதை எண்ணும்போது, கல்லாலான சுவரை இடிப்பது எளிய பகுதியே என்பது விளங்கும்.

பண்டிகை செய்த பணி

தேர்வாக இருந்தபோது வெறுக்கப்பட்ட பொதுவிருந்து, பண்டிகையாக மாறியபோது விரும்பப்பட்டது. அதற்குக் காரணம் யாது?

முதலாவது இசை. மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியார் எந்த இசைக்காக வருந்தினாரோ அந்த இசை மீண்டும் ஆலயத்துள் புகுந்தது. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். தென்காசிப் பகுதியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் இசைப்பெருநூலைத் தந்தார். கும்மியும் கோலாட்டமும் கதா காலட்சேபமும் பண்டிகைக்குரியனவாயின. மலர்ச்சரமும் குருத்தோலையும் தூண்களில் ஏறின.

இரண்டாவது உழைப்பு. ஒருவர் சமைக்க ஒருவர் உண்பதன்று அசனம். வெங்காயம் நறுக்கும் வட்டத்தில், வார்ப்பைத் தூக்கும் தோள்களில், இரவெல்லாம் அடுப்பைக் காக்கும் விழிப்பில், பந்திக்கு முன்பே ஒரு பந்தி நடந்துவிடுகின்றது. பல வீட்டுப் பிடியரிசி ஒரே உலையில் வெந்தபின், எந்தப் பருக்கை யாருடையது என்று பிரித்தறிய யாரால் இயலும்?

மூன்றாவது, தம் கையால் நடத்துகிறோம் என்னும் பெருமிதம். 1880இல் நெல்லைத் திருச்சபை தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அயலார் பொருளுதவியின்றி, தம் மக்களைக்கொண்டு தம் காணிக்கையால் தொண்டாற்றுவது அதன் கொள்கை. அதன் நிறுவுநருள் ஒருவரான வேதநாயகம் அசரியா, 1912இல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் அவர் பணியாற்றினார். தமிழகத்தின் தென்கோடிச் சிற்றூராகிய வெள்ளாளன்விளையில் பிறந்தவர் பிறமொழி மக்களின் பந்தியில் அமர்ந்த செய்தி, புலம்பெயர்ந்து வாழும் நமக்குச் சிறப்பாக நினையத்தக்கது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. பிரிந்திருந்த சபைகள் பல ஒன்றாயின.

இவற்றால் வேற்றுமை முற்றும் ஒழிந்தது எனக் கூறினேனாயின், அது புகழ்ச்சியாகுமேயன்றி வரலாறாகாது. கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் மணப்பேச்சிலும் பழைய கேள்வி இன்னும் தலைகாட்டத்தான் செய்கின்றது. ஆண்டில் ஒருநாள் அருகருகே அமர்வது போதுமா எனக் கேட்போர் உளர். போதாது என்பதே நேர்மையான விடை. ஆயினும் அந்த ஒருநாள், மற்ற நாள்களைப் பார்த்துக் கேள்வி கேட்கின்றது. என் பாட்டியின் கேள்விக்கு மறுகேள்வி அதுதான்.

புலம்பெயர்ந்த பந்தி

தில்லியில் வாழும் நமக்கு குருத்துவாராவின் லங்கர் நன்கு தெரியும். அங்கே சென்று தரையில் அமர்ந்து உண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அசனத்தை அறியாதவர்க்கு, அதுவும் இதுபோன்றதே என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

பணியின் பொருட்டு வடபுலம் வந்த நெல்லைக் கிறித்தவர் தம் அசனத்தையும் உடன்கொணர்ந்தனர். சில ஆண்டுகளுக்கு முன், என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர் என் குடும்பத்தை அழைத்திருந்தார். பிறமொழி வழிபாடுகளுக்கிடையே தமிழுக்கென ஒதுக்கப்பட்ட பொழுதில் ஆராதனை நடந்தது. அலுவலக உயர் அதிகாரி, செவிலியர், ஓட்டுநர், அண்மையில் ஊரிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர் என யாவரும் இருந்தனர். பனையோலை இல்லை, விறகில்லை, எரிவாயு அடுப்பு. வாழையிலைக்கு ஈடாகத் தாளிலை. ஆனால் பாட்டு அதே பாட்டு; கத்தரிக்காயிட்ட கறியின் மணமும் அதே மணம். முதலூரிலிருந்து யாரோ கொணர்ந்த மஸ்கோத் அல்வா, ஆளுக்கொரு துண்டு கிடைத்தது.

பரிமாறும் முன்னர் இளைஞர் சிலர், "மேசைமேல் வைத்துவிடுவோம், அவரவர் தட்டில் எடுத்துக்கொள்ளட்டும்" என்றனர். அச்சபையின் மூதாட்டி ஒருவர் அதற்கு இசையவில்லை. "அது சாப்பாடுய்யா, அசனம்னா உக்காரணும்" என்றார். கூடத்தில் விரிப்புகள் விரிக்கப்பட்டன; முழங்கால் வலியுடையோர்க்கு மட்டும் நாற்காலி. ஏனையோர் வரிசையாக அமர்ந்தோம்.

அம்மூதாட்டி சொன்னதன் ஆழத்தை வீடு திரும்பும் வழியிலேதான் உணர்ந்தேன். தட்டேந்தி நின்று உண்ணும் விருந்தில் ஒருவர் தமக்கு வேண்டியவரை நாடிச் செல்லலாம். வேண்டாதவரை விட்டு விலகலாம். எந்தச் சுவரும் தேவையில்லை. நம் கால்களே சுவராகிவிடும். பந்தியிலோ, நமக்கு அடுத்த இலை யாருடையது என்பதை நாம் தெரிந்தெடுப்பதில்லை. வருவதை ஏற்கிறோம். அதில்தான் அதன் அறமும், அதன் மகிழ்ச்சியும் அடங்கியுள்ளன.

இக்கருத்து கிறித்தவ அன்பர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் சங்கத்தின் பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் நாம் உண்ணுகின்றோம். அங்கும் அவரவர் ஊராரோடும் உறவினரோடும் குழுக்குழுவாக நின்று உண்டு கலைகின்றோம் அல்லவா? ஆண்டில் ஒருமுறையேனும் பாய் விரித்து, வந்த வரிசையில் அமர்ந்து உண்ணும் வழக்கத்தை நாம் மேற்கொள்ளலாகாதா? சங்கத்தார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அன்று பேருந்தில் திரும்புகையில், என் மகள் விருந்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். தன் அருகில் அமர்ந்திருந்த பெண், தன் இலையிலிருந்த அல்வாவில் பாதியை இவளுக்குக் கொடுத்தாளாம். அப்பெண்ணின் பெயரும் இவளுக்குத் தெரிந்திருந்தது. வகுப்பும் தெரிந்திருந்தது, ஆறாம் வகுப்பு என்று. அதற்குமேல் அவள் கேட்கவில்லை, யானும் கேட்கவில்லை.